மாடியில் மட்டும் எடுக்கும் சிம்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ரோட்டோரம் குடை போட்டு சிம் விற்றுக்கொண்டிருந்தேன். மனைவிக்கென்று தானே தேர்ந்தெடுத்த புதுப் போனோடு வந்தவர், என்னை வீட்டுக்கே இழுத்துப் போனார். கட்டம் போட்ட சட்டை, வழுக்கை. என்னிடமிருந்த மூன்று கம்பெனி சிம்களையும் மாற்றி மாற்றிப் போட்டு, போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடிக் குளியலறை வரை நடந்தார். எனக்கு எரிச்சல் மண்டியது. அன்றைய பிழைப்பு ரோட்டில் கிடந்தது.

அவர் மொட்டை மாடிக்கு ஏறியதும் மனைவி கிசுகிசுத்தார்: “அண்ணா, மாடியில மட்டும் எடுக்கிற சிம்மா குடுங்க. எங்கம்மாகிட்ட பேசினா பக்கத்துல உக்காந்து இவரே பதில் சொல்றாரு.”

நியாயமாகப் பட்டது. இறங்கி வந்தவரிடம் அப்படிப்பட்ட ஒன்றை நீட்டினேன்.

“இது வீட்டுக்குள்ள எடுக்கலியேப்பா?”

“மாடியில ஃபுல்லா எடுக்குது சார்.”

யோசித்தார். “அப்ப எனக்கும் இதே ஒண்ணு போடு. சேர்ந்தே மேல போய்ப் பேசிக்கிறோம்.”

அவர் வெகுளியா, கில்லாடியா என்று இன்றுவரை பிடிபடவில்லை.