காலி வண்டிக்குப் போட்ட சக்கரம்

டயர் கடைக்காரர்களை நான் நம்புவதில்லை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடையில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவள் நான். லாரி காலியாக வரும், ஒரு எடை. சரக்கோடு வரும், இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. அந்த வித்தியாசத்தில் கை வைக்க மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று பார்த்தவளுக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்? காலி எடை போடும்போது கேபினுக்குள் நாலு ஆட்களைப் படுக்க வைத்து மேலே போர்வை போட்டு மூடுவார்கள். காலி எடை கூடினால் சரக்கின் எடை குறையும். வாங்குகிறவனுக்கு இரும்பு இலவசம். அதனால் எடைச் சீட்டு அடிப்பதற்கு முன் நான் இறங்கிப் போய் ஒவ்வொரு கேபின் கதவையும் திறந்து பார்ப்பேன்.

"இன்னாக்கா, என் பொண்டாட்டி கூட இப்டி செக் பண்ணமாட்டா" என்று டிரைவர்கள் கத்துவார்கள். கத்தட்டும்.

இரண்டாயிரத்து மூன்று, நாலு வாக்கில் ஒரு பழைய சின்னக் கார் வாங்கினேன். எம்.கே.பி. நகரிலிருந்து தினமும் அதில்தான் வேலைக்குப் போவேன். கூட நாலு பெண்கள். திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர், மாத்திரை பாக்கெட் போடும் கம்பெனியில் இரண்டு பேர், ஆஸ்பத்திரி லேபில் ஒருத்தி. பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்று இடி வாங்கிக்கொண்டு போனவர்கள். என் காரில் உட்கார்ந்துகொண்டு போனார்கள். லேப்காரி முன்னால், மற்ற மூன்று பேரும் பின்னால். பெட்ரோலில் பங்கு போட்டுக்கொள்வோம். அந்த ஓட்டம் நின்றால் எனக்குக் காரை வைத்திருக்கவே முடியாது. அவர்களுக்கு மறுபடியும் பஸ்.

கடல்காற்று இரும்பை விடாது. முதல் வருஷமே நாலு சக்கரத்தின் ரிம்மும் துரு ஏறிவிட்டது. மாதம் இரண்டு பஞ்சர்.

"டியூபுல ஆணி கீணி ஒண்ணும் இல்லக்கா. ரிம்முல கீற துருதான் டியூப கொத்துது. ரிம்ம மாத்து" என்றான் பஞ்சர் கடைக்காரன்.

அவன் ஏதோ ஒரு கடையில் கமிஷன் பேசி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். டயரைக் கழற்றச் சொல்லி ரிம்மின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன். அப்பளம் மாதிரி உதிர்ந்தது. சரி, இந்த ஒரு தடவை உண்மை சொல்லியிருக்கிறான்.

துருப் பிடிக்காத அலாய் வீல் போடுவது என்று முடிவு செய்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் வீட்டுக்காரர், "இன்னா, வண்டிக்கு நகை செய்றியா?" என்று கேட்டார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவர் பேச்சை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் கல்மண்டபத்தில் ஒரு பாய் கடைக்குப் போனேன். பழைய சக்கரம், புதுச் சக்கரம் எல்லாம் விற்பவர். கையோடு ஒரு காந்தம் கொண்டு போனேன். மார்க்கெட்டில் காந்தம் இல்லாமல் எவனும் சரக்கு வாங்கமாட்டான். வெள்ளிக் கலரில் ஐந்து ஆரக்கால் வைத்த ஒரு செட் என் கண்ணில் பட்டது. காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. அசல் அலாய்தான். பதினாலு இஞ்சு, நல்ல அகலம்.

பாய் தலையாட்டினார். "இது உன் வண்டிக்கு வேணாம்மா. உன் வண்டிது பதிமூணு இஞ்சு. இது அகலம் ஜாஸ்தி, வெளிய தள்ளிகினு நிக்கும்."

"நாலு போல்ட்டுதானே? என் வண்டியும் நாலு போல்ட்டுதான்."

"போல்ட்டு சேந்துட்டா ஆச்சா? வண்டில யார் யாரும்மா குந்துவாங்க? பின்னாடி எத்தினி பேரு?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பெண்பிள்ளை கார் ஓட்டினால் ரோட்டில் போகிற எல்லாருக்கும் இந்தக் கேள்விதான். யாரோடு போகிறாய், எங்கே போகிறாய், வீட்டுக்காரருக்குத் தெரியுமா.

"அது உனக்கு எதுக்கு பாய்? சக்கரம் கேட்டா சக்கரத்தப் பத்திப் பேசு."

"அட, கோச்சுக்காதம்மா. அதுக்கு இல்ல..."

அவர் முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன். அந்த செட்டை வேறு யாருக்கோ ஒதுக்கி வைத்திருக்கிறான், அதனால்தான் எனக்கு வேணாம் என்கிறான் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

அடுத்தது மெயின் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடை. உள்ளே ஏசி. டை கட்டிய பையன், "வாங்க மேடம்" என்றான். அதே மாதிரி ஐந்து கால் சக்கரம், அதற்கேற்ற அகல டயர். யார் உட்காருவார்கள் என்று அவன் கேட்கவில்லை. நானும் ஏமாளி இல்லை. காந்தம் வைத்தேன். போல்ட்டுக்குப் போல்ட் இடைவெளியை டேப்பால் அளந்தேன். டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருஷமும் நாலு எண்ணாகப் போட்டிருக்கும், அதைக் குனிந்து படித்தேன். மாட்டின பிறகு ஸ்டியரிங்கை இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பச் சொல்லி, கீழே உட்கார்ந்து பார்த்தேன். எதுவும் எங்கேயும் தட்டவில்லை. "பர்ஃபெக்ட் ஃபிட் மேடம்" என்றான். எனக்குத் திருப்தி. என்னை ஒருத்தனும் ஏமாற்ற முடியவில்லை என்கிற திருப்தி.

மறுநாள் காலை தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. மாத்திரைக் கம்பெனிப் பெண்களில் குண்டானவள்.

"யக்கா, எனுக்குக் கீய இன்னாவோ சர்ரு சர்ருன்னு கீச்சுகினு வருது."

"உன் டிபன் கேரியரா இருக்கும்."

"கேரியர் மடியில கீதுக்கா."

டீச்சரும் சொன்னார். "எனக்கும் கேக்குது. பள்ளத்துல எறங்குறப்ப கேக்குது."

சாயங்காலம் அவர்களை இறக்கிவிட்டு, நான் மட்டும் அதே ரோட்டில் போய் அதே பள்ளங்களில் வேண்டுமென்றே இறக்கி ஏற்றினேன். சத்தமே இல்லை. அன்றைக்கே நான் முடிவு கட்டிவிட்டேன். இவர்களுக்கு வயிற்றெரிச்சல். பழைய ரிம் போட்டிருந்தபோது ஒரு பேச்சும் இல்லை, வெள்ளிக் கலர் போட்டதும் சத்தம் வருகிறதாம். ஒன்பது நாள் அவர்கள் சொன்னார்கள். ஒன்பது நாளும் நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

பத்தாவது நாள் திருவொற்றியூர் போகும் ரோட்டில் இரண்டு கன்டெய்னர் டிரெய்லருக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தபோது வலதுபக்கப் பின்டயர் வெடித்தது. வண்டி வாலை ஆட்டியது. பின்னால் வந்த டிரெய்லர் ஹாரனை அடித்துக்கொண்டே ஒதுங்கி, எங்கள் கண்ணாடியைத் தொடாமல் தொட்டுக்கொண்டு போனது. டிரெய்லரின் டயர் டீச்சர் உட்கார்ந்திருந்த ஜன்னல் உயரத்துக்கு இருந்தது. எப்படி ஓரம் கட்டினேன் என்று எனக்கு இப்போதும் தெரியாது. லேப்காரி அழுதாள். யாருக்கும் அடி இல்லை.

இறங்கிப் பார்த்தோம். டயரின் வெளித்தோளில், பக்கவாட்டுக்கு வளைகிற விளிம்பில், கத்தியால் கீறினது போலச் சுற்றிலும் ஒரே கோடு. அந்தக் கோடு வழியாகத்தான் கிழிந்திருந்தது.

"சத்தம் வருதுன்னு நாங்க சொன்னோமா இல்லையா?" டீச்சர் கேட்டார்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் டீச்சர். அவன..."

"ஊர்ல இருக்கற அத்தனை பேரும் திருடன்றீங்களே, நீங்க குனிஞ்சு குனிஞ்சு பாத்துப் போட்ட டயர்தானே இது?"

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டெப்னியாக வைத்திருந்த பழைய துருச் சக்கரத்தை மாட்டி மற்ற மூன்று பேரையும் உருட்டிக்கொண்டு போய் விட்டேன். அந்தச் சின்னச் சக்கரத்தில் வண்டி ஒரு பக்கம் நொண்டியது.

மார்க்கெட்டுக்கு வந்ததும் லோடு ஏற்றுகிற ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு காருக்குள் உட்காரச் சொன்னேன்.

"எங்கக்கா இட்னு போற? ஏசி போடு."

"வாய மூடிக்கினு குந்து."

உட்கார்ந்தார்கள். நான் இடதுபக்கப் பின்சக்கரத்திடம் உட்கார்ந்து பார்த்தேன். மட்கார்டு கீழே இறங்கி வந்தது. அகல டயர் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. மட்கார்டின் உள்விளிம்புத் தகடு டயரின் தோள்மேல் ஏறி உட்கார்ந்தது. ஆட்களை இறங்கச் சொன்னேன். மட்கார்டு மேலே போனது, இடையில் நல்ல இடம். மறுபடி உட்காரச் சொன்னேன். மறுபடி தகடு டயரைத் தொட்டது. அந்த டயரிலும் கோடு விழ ஆரம்பித்திருந்தது.

கடையில் பார்த்தது காலி வண்டி. சாயங்காலம் தனியாக ஓட்டிப் பார்த்ததும் காலி வண்டி. காலி வேறு, லோடு வேறு என்பதை வைத்துத்தான் பதினோரு வருஷம் சோறு தின்றிருக்கிறேன். என் வண்டிக்கு அதைச் செய்யவில்லை. பாய் கேட்ட கேள்வி எதற்கென்று அங்கே உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. சக்கரத்தைத் தேர்ந்தெடுக்க அவருக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு தகவல்தான்.

முதலில் கண்ணாடிக் கடைக்குப் போய்க் கத்தினேன். டை கட்டிய பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஓவர்லோடு மேடம். லேடீஸ் எல்லாம் கொஞ்சம் வெயிட்டு போல. மட்கார்டு விளிம்பை சுத்தியால அடிச்சு உள்ள மடிச்சுட்டா சரியாயிடும்."

"அஞ்சு பேர் குந்துறதுக்குத்தான்டா கார் செஞ்சான். சக்கரத்துக்காக வண்டிய ஒடப்பியா?"

கிழிந்ததைத் திரும்ப எடுக்கமாட்டேன் என்றான். மிச்சத்தைப் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டான். அவனை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பழைய ரிம்களை மாட்டிக்கொண்டு, டீச்சரைத் தவிர மற்ற மூன்று பேரோடு பாய் கடைக்குப் போனேன். டீச்சர் வீட்டுக் கதவைத் திறக்கவே இல்லை. அந்த இடத்தில் வீட்டுக்காரரை உட்கார வைத்தேன். பாய் காரைப் பார்த்தார், உள்ளே இருக்கிற ஆட்களைப் பார்த்தார்.

"எல்லாரும் அப்டியே குந்துங்க, எறங்காதீங்க" என்றார்.

மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய் டயர் மாட்டின ஒரு செட் எடுத்து வந்தார். பதிமூணு இஞ்சு, பழைய ரிம் அளவே அகலம், பார்க்க அழகில்லை. என் காரின் ஜாதிக்கே செய்தது. சக்கரத்தின் நடு ஓட்டை வண்டியின் அச்சுக் குடத்தில் ஆடாமல் உட்கார்ந்தது. வீல் நட்டை ஸ்பேனர் இல்லாமல் கையால் திருகி, என்னையே எண்ணச் சொன்னார்.

"அலாய் தடிமன் ஜாஸ்திம்மா. பழய நட்டு நாலு சுத்துல நின்னுட்ச்சின்னா ரோட்ல சக்கரம் தனியா போவும். ஏழு, எட்டு சுத்து ஏறணும்."

ஒன்பது சுற்று ஏறியது. ஆனாலும் நான் காந்தத்தை எடுத்தேன். குனிந்து நாலு டயரின் எண்ணையும் படித்தேன். மூன்று டயர் அந்த வருஷத்தது. ஒன்று மட்டும் மூன்று வருஷத்துக்கு முந்தையது.

"பாய், இது இன்னா?"

பாய் தாடியைச் சொறிந்தார். "அடடே, பழய ஸ்டாக்கு கலந்துட்ச்சா?"

"கலந்துட்ச்சா, கலந்தியா?"

காருக்குள்ளிருந்து குண்டானவள் கைதட்டினாள். பாய் சிரித்துக்கொண்டே வேறு டயர் எடுத்து வரச் சொன்னார். அவர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்லது சொல்கிறவனும் பழைய டயரைத் தள்ளிவிடப் பார்ப்பான். எல்லாரையும் உட்கார வைத்தே கடைவீதியின் பள்ளங்களில் இரண்டு சுற்று சுற்றினோம். ரேடியோ போடவில்லை. ஒருத்தரும் பேசவில்லை. சத்தம் இல்லை.

அன்று சாயங்காலம் மறுபடி டீச்சர் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை கதவு திறந்தது. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை.

"ஆள வெச்சுப் பாக்காம போட்டுட்டேன் டீச்சர். நீங்க சொன்னதயும் பொய்ன்னு நெனச்சேன். இப்ப மாத்திட்டேன்."

அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். உட்காரச் சொல்லவில்லை.

"பஸ் பாஸ் எடுத்துட்டேன். மாசக் கடைசி வரைக்கும் இருக்கு. அதை வீணாக்க முடியாது. முடிஞ்சதும் வரேன்."

அன்று தேதி பத்துதான். இருபது நாள் அவர் இடத்தைக் காலியாகவே வைத்துக்கொண்டு ஓட்டினேன். இரண்டு பேர் அந்த சீட்டைக் கேட்டார்கள், தரவில்லை. காலையில் பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது டீச்சர் கூட்டத்தில் நின்றுகொண்டு, எங்கள் காரின் பின்சக்கரத்தையே பார்ப்பார். பாஸ் உண்மையா, இல்லை அந்த மூன்று பேரை வைத்து டயர் தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாரா, நான் கேட்கவில்லை. நானாக இருந்தாலும் இருபது நாள் பார்த்துவிட்டுத்தான் ஏறியிருப்பேன்.