கூடையை இறக்கி வைத்த பாட்டு

இதை எழுத எனக்கு மூன்று வருடம் பிடித்தது. எழுதத் தெரியாததால் அல்ல. எட்டாம் வகுப்பு வரை படித்தவள்தான். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக இருக்கும் எங்கள் லய வீடுகளில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். இதில் என்னுடைய தப்பும் இருக்கிறது, அதனால்தான் தள்ளிப் போட்டேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய கையோடு கொப்பியை எடுப்பேன். ஒரு வரி எழுதியதும் அண்ணன் முகம் வந்து நிற்கும். மூடி வைத்துவிடுவேன்.

போன ஆடிப் பூசையில் ஒரு அம்மா மைக்கைப் பிடித்து, என் அண்ணனுடைய கதையை எனக்கே புதிதாக இருக்கும்படி சொன்னார். அதற்குப் பிறகு பொறுக்க முடியவில்லை.

அண்ணி தவறிப் போன நாளிலிருந்து அண்ணன் வீட்டில் சாமி விளக்கை ஏற்றவில்லை. கோயில் படியும் மிதிக்கவில்லை. மார்கழி பஜனையில் தாளம் தட்டிக்கொண்டு முன்னால் போகிறவர் அவர்தான். பக்கத்தில் அண்ணி பாடிக்கொண்டு போவார். விடியுமுன்னே பனிக்குள்ளே அந்தக் குரல் மேல் லயத்துக்கும் கேட்கும். அப்படி இருந்த மனிதர், "சாமி தன் வேலையைப் பார்க்கட்டும், நான் என் வேலையைப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு மொனராகலைக்குப் போய்விட்டார். மகளும் மருமகனும் அங்கே ஒரு சின்ன வீடு கட்டியிருந்தார்கள். அவர்கள் இருவருக்கும் கொழும்பில் வேலை. அண்ணன் அந்த வீட்டில் தனியாக இருந்தார்.

நான் நேராகச் சொல்லிப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். அண்ணன் வீட்டில் மறுபடியும் விளக்கு எரிய வேண்டும், எனக்கு வேறு வேண்டுதலே இருக்கவில்லை.

ஒரு நாள் அவரே எனக்குப் போன் எடுத்தார். எங்கள் லயத்தில் போன் அடிக்கும், பேச்சு கேட்காது; சிக்னல் மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்தான் சரியாகக் கிடைக்கும். மூச்சு வாங்க மேலே ஏறிப் போய்த் திரும்ப எடுத்தேன்.

"ஏ புள்ள, மக புது போன் ஒன்னு குடுத்திருக்கா. கூடவே தண்ணிப் போத்தல் மாதிரி ஒரு ஸ்பீக்கரு. போனுக்குள்ளயே கடை இருக்காம், பாட்டு வாங்கலாமாம். அவ கார்டு நம்பரை அதுல போட்டுட்டுப் போயிட்டா. என்ன பாட்டு வாங்குறதுன்னு தெரியல. நீ சொல்லேன்."

நாலு வருடமாகப் பாட்டு என்ற சொல்லையே எடுக்காத மனிதர். எனக்குக் கால் தரையில் படவில்லை. அம்மன்தான் வழியைத் திறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு முழுக்கக் கொழுந்து பறித்துக்கொண்டே மனதுக்குள் பட்டியல் போட்டேன். பத்துப் பாட்டு. பத்தும் பக்திப் பாட்டு. காலையில் ஒன்றைக் கேட்டால் சாம்பிராணி போடத் தோன்றும், சாம்பிராணி போட்டால் விளக்கேற்றத் தோன்றும். என் கணக்கு அப்படி.

மறுநாள் கொப்பியோடு தாங்கிக்கு ஏறினேன்.

"அண்ணே, எழுதிக்க. மொதல்ல, கோயில் தொறந்ததும் போடுறது."

"பேரு?"

"அதான்ணே, தொறந்ததும் போடுவாங்களே. ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுது. கடைக்காரனுக்குத் தெரியணுமே! இங்க ஒரு கட்டம் போட்டு, தேடுன்னு வச்சிருக்கான். அதுல என்னான்னு எழுத?"

"சரி, அடுத்ததச் சொல்றேன். கரகம் கெளம்புறப்ப போடுறது. அதுக்கடுத்து, பூக்குழி எறங்குறதுக்கு முந்தி…"

"நீ பாட்டு சொல்றியா, திருவிழா நோட்டீஸ் வாசிக்கிறியா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனால் அவர் கேட்டதிலும் தப்பில்லை. நாற்பது வருடமாகக் கேட்கிற பாட்டுக்கள். ஒன்றுக்கும் எனக்குப் பெயர் தெரியவில்லை. யார் பாடினார்கள் என்றும் தெரியவில்லை. எந்த நேரத்தில் ஸ்பீக்கரில் போடுவார்கள் என்பது மட்டும்தான் தெரியும். கோயில் தலைவரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒரு பென்டிரைவைக் காட்டினார். உள்ளே பாட்டுக்களுக்கெல்லாம் இலக்கம்தான்.

"பேரு எதுக்குங்க நமக்கு? பதினாலை அழுத்துனா கரகம். அம்புட்டுத்தான்."

வேறு வழியில்லாமல் ஒவ்வொரு பாட்டின் முதல் வரியையும் போனில் சொன்னேன். அண்ணன் தட்டித் தட்டி எழுதி வாங்கினார். அதோடு என் பாடு முடிந்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

"இந்தப் பாட்டுல பாட்டே இல்ல புள்ள. மேளம் மட்டும் அடிக்குது. பாடுறவனுக்கு லீவா?"

பாடிப் பழகுகிறவர்களுக்காகக் குரலை எடுத்துவிட்டு விற்பார்களாம். அதை வாங்கியிருக்கிறார். இன்னொரு நாள், "சாமிப் பாட்டுதான், ஆனா டிஸ்கோ ஆடுது" என்றார். மூன்றாவது பாட்டு பாதியிலேயே நின்றுவிட்டது என்று பெரிய சண்டை. கடைசியில் பார்த்தால் அதை அவர் வாங்கவே இல்லை. ருசி பார்க்கக் கொடுக்கிற துண்டை, முழுப் பாட்டு என்று நினைத்து நாலு நாள் கேட்டிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் நான் அந்த ஏற்றம் ஏற வேண்டும். அட்டைக் கடியோடு இறங்க வேண்டும். என் வீட்டுக்காரர், "தாங்கிகிட்டயே ஒனக்குக் குடியிருக்க ஒரு காம்பிரா கேட்டு எழுதிப் போடவா?" என்றார்.

பத்தாவதாக ஒரு பாட்டு வைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் மற்ற ஒன்பதும்.

"அண்ணே, இத மட்டும் கட்டாயம் வாங்கு. அண்ணி பாடுறது."

ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரை அவர் நிறுத்துவது கேட்டது.

"அது அங்க இருக்குமா?" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"எல்லாரும் பாடுற பாட்டு, இல்லாமப் போகுமா? பெரிய பாடகி யாராச்சும் பாடியிருப்பாங்க. தேடு."

இதுதான் என்னுடைய முதல் தப்பு. அண்ணி மடுல்சீமைப் பக்கத்துப் பெண். கட்டி வந்தபோது அந்தப் பாட்டையும் கொண்டு வந்தார். நாலைந்து மார்கழியில் எங்கள் தோட்டம் முழுக்கப் பாடியது. பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்களும் பாடினார்கள். பிறகு பக்கத்துத் தோட்டங்களிலும் கேட்டேன். அதனால் அது உலகத்துக்கே தெரிந்த பாட்டு என்று நினைத்துவிட்டேன். எனக்கு உலகம் என்றால் பக்கத்து டவுன் பசறை வரைக்கும்தான் என்பது அப்போது புரியவில்லை.

இரண்டு மாதம் தேடினார். முதல் சொல்லைப் போட்டால் ஒன்று வரும், இரண்டாவது சொல்லைப் போட்டால் வேறொன்று வரும். ஒவ்வொன்றையும் வாங்கிக் கேட்டு, "இது இல்ல" என்பார். நான், "ஒனக்குத் தேடத் தெரியல" என்று கத்துவேன். "நீ வந்து தேடிப் பாரு" என்று அவர் கத்துவார்.

போனேன். பசறையில் பஸ் ஏறி, அத்தனை வளைவிலும் குமட்டலை அடக்கிக்கொண்டு மொனராகலையில் இறங்கினேன். அண்ணன் வீட்டுச் சாமித் தட்டில் விளக்கு கவிழ்த்து வைத்தபடி இருந்தது. மேலே தூசி. அதைப் பார்க்காதது போல் உட்கார்ந்து போனை வாங்கினேன். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார். எழுத்தை மாற்றிப் போட்டேன், நடு வரியைப் போட்டேன், கடைசி வரியைப் போட்டேன். எங்கேயும் இல்லை.

"அப்ப, இல்லாத பாட்டையா அவ பாடிக்கிட்டு இருந்தா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைத் தைத்தது. வந்த வேலை தலைகீழாகிவிட்டது. விளக்கேற்ற வைக்கிறேன் என்று போய், அவரிடம் இருந்த ஒன்றையும் இல்லை என்று ஆக்கிவிட்டு வந்தேன்.

விடவில்லை. அடுத்த லீவு நாளில் பதுளைக்குப் போனேன். முன்பு கேசட் விற்று, இப்போது போன் உறை விற்கிற ஒரு முஸ்லிம் பெரியவரின் கடை. கடையில் நின்றுகொண்டே இரண்டு வரியை மெதுவாகச் சொல்லிக் காட்டினேன். நன்றாகக் கேட்டார்.

"இது தோட்டத்துப் பாட்டும்மா. யாரோ அங்கயே கட்டுனது. கடைக்கு வந்ததே இல்ல. வராததை எப்படித் தேடுவீங்க?" பிறகு, "வேணும்னா நீங்களே பாடி அனுப்புங்க. போன்லதான் பாடவும் முடியுமே" என்றார்.

இவ்வளவு அலைச்சலுக்குப் பதில் அவ்வளவுதான். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். என் குரல் அண்ணி குரல் இல்லை. இருந்தாலும் பாட்டு தெரியுமே.

ஞாயிற்றுக்கிழமை தலை முழுகி, தாங்கிப் பக்கம் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பாடினேன். அங்கேதான் இரண்டாவது தப்பைச் செய்தேன். அண்ணி பாடுகிற வரி இது:

மலையேறி வந்தவளே மாரியம்மா
கூடையை எறக்கி வச்சேன், குந்து தாயே.

போனைக் கையில் பிடித்ததும் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. இரண்டு மாதமாக அந்தக் கடைப் பாட்டுக்களைக் கேட்டு, அதில் வருகிற பெரிய பெரிய சொற்களைக் கேட்டு, எங்கள் கொழுந்துக் கூடையும் குந்துவதும் கேவலமாகத் தெரிந்தது. சாமியைக் குந்தச் சொல்வதா? "பூமாலை தொடுத்து வைத்தேன், பொறுத்திரு தாயே" என்று மாற்றிப் பாடி அனுப்பினேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

பாதி வழியில் போன் அடித்தது. திரும்ப ஏறினேன்.

"என்னா புள்ள பாடி வச்சிருக்க?" அவ்வளவு கோபத்தில் அண்ணன் பேசி நான் கேட்டதில்லை. "பூமாலையா? எங்க இருந்து வந்துச்சு பூமாலை? மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னவளுக்குப் பூமாலை தொடுக்க எங்க நேரம்? கூடைடி அது, கூடை!"

"இல்லண்ணே, கேக்க நல்லா இருக்கட்டும்னு…"

"அவ பாடுனது நல்லா இல்லையா?"

நான் பதில் சொல்லுமுன்னே பாடினார். தாளம் இல்லை, சுருதி இல்லை, பாதி இருமல். "கூடையை எறக்கி வச்சேன், குந்து தாயே." அந்த ஒரு வரிதான். 'தாயே' என்ற இடத்தில் குரல் உடைந்தது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். நாலு வருடத்துக்குப் பிறகு அவர் வாயில் சாமி வந்தது அந்த வரியில்தான்.

அந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும். நான் மூடவில்லை.

"அண்ணே, அப்படியே வெளக்கையும் ஏத்திடேன்."

"எண்ணெய் இல்ல" என்றார். "நீ பாடுனத அழிச்சிட்டேன். கூடையோட பாடி அனுப்பு." வைத்துவிட்டார்.

கூடையோடு பாடி அனுப்பினேன். கேட்டதற்கு அடையாளமாகப் போனில் இரண்டு சரிக்குறி விழுந்தது. பதில் வரவில்லை. அடுத்த முறை போனபோது நான் ஒரு போத்தல் நல்லெண்ணெய் கொண்டு போனேன். வாங்கி அடுப்படியில் வைத்தார். அதற்கு அடுத்த முறை போனபோது போத்தலில் பாதி குறைந்திருந்தது. ஓடிப் போய்ச் சாமித் தட்டைப் பார்த்தேன். விளக்கு கவிழ்ந்தபடியே இருந்தது.

"முட்டை பொரிச்சேன்" என்றார் பின்னால் இருந்து.

மூன்று வருடமாக இப்படித்தான்.

யார் சொல்லிக் கேட்டாரோ, ஆடிப் பூசையில் அந்த அம்மா மைக்கில் சொன்னது என்னவென்றால், தங்கச்சி பாடிய பாட்டைக் கேட்டதும் அண்ணன் கதறி அழுது, அந்த நிமிடமே விளக்கேற்றி, மறுநாள் விரதம் இருந்தாராம். விளக்கு மூன்று நாள் அணையாமல் எரிந்ததாம். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த அம்மாவைக் குறை சொல்லவும் முடியவில்லை. கூடையைப் பூமாலையாக்கியவள் நான். கேட்க நல்லா இருக்கட்டும் என்று அவரும் அதைத்தானே செய்தார்?

ஆனால் அம்மன் செய்யாத ஒன்றைச் செய்தாள் என்று சொல்வதைப் பக்தி என்று என்னால் ஏற்க முடியவில்லை. அவளுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. முடிந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டால், பிறகு நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். பஜனையிலோ, பஸ்ஸிலோ, பீலியிலோ யாருக்காவது சொன்னால், இருக்கிறபடியே சொல்லுங்கள். பாட்டு எந்தக் கடையிலும் இல்லை என்று சொல்லுங்கள். தங்கச்சி ஒரு வரியைக் கெடுத்தாள், அண்ணன் அதைத் திருத்திப் பாடினார் என்று சொல்லுங்கள். எண்ணெயில் முட்டை பொரித்ததையும் விட்டுவிடாதீர்கள். இன்று வரை அவர் விளக்கேற்றவில்லை. ஏற்றினார் என்று நீங்கள் சேர்க்காதீர்கள்.