தவமலருக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு

அந்தச் சிவப்புக் கோட்டை ஒரு ஆள் உட்கார்ந்து போடுகிறான் என்றுதான் நான் முதலில் நம்பினேன். ஆளைக்கூட எனக்குத் தெரியும். மெலிந்தவன், அரைக்கைச் சட்டை, கொழும்பில் ஏதோ ஒரு மாடியில் ஃபேனுக்குக் கீழே மேசை. நான் இங்கே மாத்தளையில் ஒரு பெயரை அடித்தால் அவன் அங்கே பேனாவை எடுப்பான்.

போன கிழமை பஸ்ஸில் இருந்தபடி, எங்கள் தெருவிளக்கு எரியவில்லை என்று கைபேசியில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். முடிவில் ஆங்கிலத்தில் என் பெயரைப் போட்டதும் கீழே சிவப்பாய் ஒரு நெளிகோடு ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அம்மா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். ஐம்பதைத் தாண்டிய ஆள் தன் பெயரைப் பார்த்துத் தானே சிரித்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

இந்த மடத்தனம் வானத்திலிருந்து விழவில்லை. வடக்கில் சண்டை கடைசிச் சுற்றுக்குப் போய்க்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். ஓய்வுபெற்ற சிங்களத் தபால் அதிபர் ஒருவரின் வீட்டில் பின்பக்கத்து அறையில் தனியாக இருந்தேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எல்லோரும் பொலிசுக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும். முத்திரை குத்திய பிரதி ஒன்று திரும்பி வரும். எங்கள் பட்டியலில் ஐந்து பெயர். நாலு பெயர் சும்மா இருக்கும். ஐந்தாவதற்குக் கீழே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இருக்கும். ஐந்தாவது ஆள் நான், அந்த வீட்டில் இருந்த ஒரே தமிழன். தபால் அதிபர் அந்தத் தாளைக் கதவுக்குப் பின்னால் ஒட்டும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். "பயவென்ட எபா, மாத்தயா" என்பார், பயப்படவேண்டாம் ஐயா என்று. அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் பயமே வரும்.

ஆனால் நான் சொல்ல வந்தது கராம்பைப் பற்றி. பல்வலிக்குக் கராம்பு எண்ணெய் தடவினால் இன்றைக்கும் எனக்குப் பல் ஆறுவதற்கு முன்னால் ஜவ்பர் நானாவின் கொமினிகேஷன் ஞாபகம் வரும். கீழே கராம்பும் மிளகும் வாங்கும் கடை. மரப்படி ஏறினால் மேலே நானாவின் ராச்சியம்: இரண்டு டெலிபோன் கூண்டு, ஒரு ஃபோட்டோகொப்பி மெஷின், மூன்று கம்ப்யூட்டர். காய்ந்த கராம்பின் வாசனை பலகை இடுக்கு வழியாக ஏறி வந்து சட்டையில் ஒட்டிக்கொள்ளும். சனிக்கிழமை காலையில் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, நான் அங்கே போவேன். மின்னஞ்சல் எழுதப் போகிறவனுக்கு எதற்கு நல்ல சட்டை என்று கேட்காதீர்கள். தவமலருக்கு எழுதப் போகிறவனுக்கு வேண்டும்.

தவமலரைக் கண்டுபிடித்தது உக்குவளையில் இருந்த என் அக்கா. எனக்குப் பெண் தேடுவதை அவள் பத்து வருடமாக ஒரு உத்தியோகம் போலச் செய்துவந்தாள். தவமலர் வவுனியாவில் பாடசாலை ஆசிரியை. ரத்தோட்டைக்கு மேலே தோட்டத்தில் பிறந்தவர். எண்பத்திமூன்று கலவரத்தில் லொறி ஏறி வவுனியாவுக்குப் போன குடும்பங்களில் ஒன்று. அப்போது அவருக்கு ஏழு வயது.

"புள்ள இங்கிலீசு டீச்சர்டா. நீயும் நாள் முழுக்க இங்கிலீசுல கடுதாசி தட்டுறவன். ரெண்டு பேரும் எழுதிப் பாத்துக்குங்க, மூஞ்சிய அப்புறம் காட்டலாம்" என்றாள் அக்கா.

"ஏன் அக்கா அப்புறம்?"

"மொதல்ல காட்டித்தானே ஏழு எடம் தட்டிப் போச்சு."

நானாவின் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்தால் எழுத்துக்குப் பதில் பெட்டி பெட்டியாக வரும், ஆகவே ஆங்கிலம்தான். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கந்தோர் ஆங்கிலம். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன்' என்று தொடங்கினேன். 'அடுத்த கடிதத்தில் கோப்பு இலக்கத்தையும் குறிப்பிடுங்கள்' என்று அவர் பதில் எழுதினார். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து நான் தனியாகச் சிரித்ததை நானா பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டார். என் அறையில் அந்த நாளில் என்னோடு பேசுவதற்கு ஒரு ரேடியோ இருந்தது. அதுவும் செய்தி மட்டும்தான் சொல்லும்.

ஐந்தாவதோ ஆறாவதோ கடிதத்தில் அவர் ஒன்று கேட்டார். தான் படித்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் பின்னால் ஒரு ஜம்பு மரம் இருந்தது, லொறி புறப்படும்போது கடைசியாகப் பார்த்தது அதைத்தான், அது இன்னும் இருக்கிறதா, நேரம் கிடைத்தால் போய்ப் பார்த்துச் சொல்வீர்களா என்று.

மறுநாளே போனேன். ரத்தோட்டையில் பஸ் மாறி, ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் பாதையில் இறங்கி, முன்னால் போகும் மாடு தெரியாத பனியில் நடந்தேன். மரம் இருந்தது. ஒரு பக்கக் கிளையை வெட்டியிருந்தார்கள். மற்றப் பக்கம் சிவப்பாய்க் காய்த்துக் கீழே கொட்டிக் கிடந்தது. ஒன்றைத் துடைத்துத் தின்றேன். புளிப்பு. ஞாயிற்றுக்கிழமையில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்று ஜம்பு தின்னும் பெரிய மனிதனைக் கொழுந்துக்கூடையோடு போன ஒரு பெண் நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கிழமை முழுவதும் கந்தோரில் இருந்தபடி மனதுக்குள் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

சனிக்கிழமை நானா உற்சாகமாக இருந்தார். "சேர், எல்லா மெஷின்லயும் புதுசா ஒண்டு போட்டீக்கிறேன். பக்கமெல்லாம் இனி டக்கெண்டு தொறக்கும்."

"நல்லது நானா. நேத்துக் கடையில கூட்டமோ?"

"கூட்டமெங்க. ரெண்டு பேர் கொழும்புலேந்து வந்தாங்க. மெஷினெல்லாத்தையும் பாத்துட்டுப் போனாங்க."

அதைக் கேட்டபோது ஒன்றும் தோன்றவில்லை. உட்கார்ந்து, அன்புள்ள தவமலர் என்று அடித்தேன். அவர் பெயருக்குக் கீழே சிவப்பாய்க் கோடு ஓடியது.

வவுனியா என்று அடித்தேன். கோடு. ரத்தோட்டை. கோடு. என் பெயர். கோடு. எங்கள் தலைமை எழுதுவினைஞர் பீட்டரைப் பற்றி ஒரு வரி இருந்தது. அவருக்குக் கோடு இல்லை. கொழும்பு என்று அடித்துப் பார்த்தேன். இல்லை. நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன், கமராவைத் தேடி. பல்லி ஒன்று இருந்தது. அதையும் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தேன்.

என் பெயருக்குக் கோடு விழுவது எனக்குப் பழகிவிட்டது. கதவுக்குப் பின்னால் இருப்பதுதானே. ஆனால் தவமலரின் பெயரை அந்தத் தாளில் ஏற்றியது நான். வவுனியாவில் தனியாக ஒரு தாயை வைத்துக்கொண்டு இருக்கும் பெண். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கோடு விழாத சொற்களால் மட்டும் ஒரு கடிதம் கட்டினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'மதிப்புக்குரிய மெடம், நீங்கள் கேட்ட இடத்துக்கு, நீங்கள் சொன்ன பாதையால் போனேன். அது இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.' கீழே பெயர் போடவில்லை. நான் எழுதியதிலேயே அன்பு கூடிய கடிதம் அதுதான். தகவல் என்று ஒன்றும் அதில் கிடையாது.

அடுத்த சனிக்கிழமை பதில் வந்திருந்தது. ஒரே ஒரு சொல். 'எது?'

ஃபோன் எடுத்திருக்கலாமே என்பீர்கள். ஃபோன் என்றால் எனக்கு அதைவிடப் பயம். பஸ் ஏறிப் போயிருக்கலாம். மதவாச்சிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பையைக் கொட்டி, எங்கே, யாரிடம் என்று கேட்டு எழுதுவார்கள். அவர் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வரும். கல்யாணக் கார்டில் வரவேண்டியது அங்கே வரும். அக்காவிடம் சொன்னால் உக்குவளை முழுக்கத் தெரியும். நானாவிடம் கேட்டிருக்கலாம், இரண்டடி தூரத்தில்தான் இருந்தார். அந்தக் காலத்தில் நாங்கள் கேட்பதில்லை. எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பதே ஒரு பதில் ஆகிவிடும்.

பெயரில்லாத கடிதம் இன்னும் மூன்று எழுதினேன். மழையைப் பற்றி. பிறகு வெயிலைப் பற்றி. பிறகு மறுபடி மழையைப் பற்றி.

தை மாதம் அவர் எழுதினார்: 'என் பெயரை எழுத உங்களுக்கு விருப்பமில்லாமல் போய்விட்டது போலத் தெரிகிறது. அப்படியென்றால் நேராகச் சொல்லலாம். நான் அழமாட்டேன்.'

அன்றைக்கு ஒரு மணித்தியாலம் அந்தக் கதிரையில் இருந்தேன். தவமலர் என்று அடிப்பேன். கோடு வரும். அழிப்பேன். மறுபடி அடிப்பேன். நானா வந்து, "என்ன சேர், மொகம் ஒரு மாதிரி ஈக்கிது, டீ சொல்லவா?" என்றார். வேண்டாம், தலைவலி என்றேன். வெற்றுத் திரையை மூடிவிட்டுப் படியிறங்கினேன். கீழே கராம்பை வெயிலில் பரப்பியிருந்தார்கள், மிதிக்காமல் சுற்றிப் போனேன்.

அதன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. சித்திரை கழிந்து ஒருநாள், அடையாள அட்டையை ஃபோட்டோகொப்பி எடுக்க வேண்டியிருந்தது, இன்னொரு பட்டியலுக்காக. நானா கத்தாரில் இருந்த மகனின் முதலாளிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பு. அம்மை போட்ட மாதிரி.

"நானா, அழிங்க அத" என்றேன். குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

"என்னத்துக்கு?"

"இவ்வளவு கோடு விழுந்திருக்கே."

"அது நான் உட்ட பிழ, சேர். டிக்ஷனரியில இல்லாத சொல்லுக்கெல்லாம் போடும். புதுசா போட்டேன்ல, அதுல வந்த சாமான். எனக்கு இங்கிலீசு வராது, எல்லாத்துக்கும் போடுது. ஒங்களுக்கு ஒண்டுமே போடாதே."

நான் அவரைத் தள்ளாத குறையாக உட்கார்ந்து ஜவ்பர் என்று அடித்தேன். கோடு. தபால் அதிபரின் பெயரை அடித்தேன், அசல் கண்டிச் சிங்களப் பெயர். கோடு. பீட்டரையும் கொழும்பையும் விட்டால், அத்தனை மாதமும் நான் அடித்தது தமிழ்ப் பெயர்கள் மட்டும்தான். எழுதுவதற்கு வேறு யார் எனக்கு இருந்தார்கள்? ஆங்கிலச் சொல் ஒன்றையாவது பிழையாக அடித்திருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். பதினேழு வருடம் பிழையில்லாமல் தட்டச்சு செய்து பழகியவன். என் திறமைதான் என்னைக் கெடுத்தது.

"அன்னைக்கு வந்த ரெண்டு பேர்?" என்றேன்.

"அவங்களா. ஃபோட்டோகொப்பி மெஷின் விக்க வந்தவங்க சேர். எனக்குச் சரிவரல்ல."

அந்தக் கடை இப்போது இல்லை. நானா மகனிடம் போய் அங்கேயே காலமாகிவிட்டார். மாடியில் கண்ணாடி போட்டுக் கைபேசி உறை விற்கிறார்கள். என் பழைய மின்னஞ்சல் கணக்கும் இல்லை. வெட்கத்தில் அதைத் திறக்காமலே விட்டிருந்தேன். பாவிக்காததால் உள்ளே இருந்ததெல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். அவருடைய கடிதங்கள் அதோடு போயின. எதையும் நான் அச்செடுத்து வைத்திருக்கவில்லை, பயத்தில்.

தவமலர், அக்கா பிறகு சொன்னபடி, பங்குனி வரை பார்த்திருந்துவிட்டு, திருகோணமலையில் ஒரு ஆசிரியருக்குச் சம்மதம் சொன்னார். நான் நானாவின் கதிரையில் உட்கார்ந்து பெயர்களை அடித்துப் பார்த்த நாளில் அவர்களுக்குக் கல்யாணம் முடிந்து ஒன்பது நாள்.