பெரியத்தையின் மூக்கு

அழுகத் தொடங்கும் சின்ன வெங்காயம் முதல் நாள் லேசாக இனிப்பாக வாசம் அடிக்கும். இரண்டாம் நாள் புளிப்பு ஏறும். மூன்றாம் நாள் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். குன்னத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் அந்த முதல் நாள் வாசத்தைப் பிடிக்க ஒரே ஒருவர்தான் உண்டு. அப்பாவின் மூத்த அக்கா, எங்கள் பெரியத்தை. இருபது வயதில் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர், தொண்ணூறு தாண்டும் வரை அந்த வீட்டை ஆண்டார். அப்பாவும் சித்தப்பாவும் மீசை நரைத்த பிறகும் அவரைக் கேட்காமல் ஒரு கன்றுக்குட்டியைக்கூட விற்றதில்லை.

கொல்லையில் கல் அடுக்கி, மூங்கில் படல் கட்டி, அடுத்த நடவுக்கான விதை வெங்காயத்தைக் காற்றோட்டமாக அடைத்து மேலே கீற்று போட்டிருப்பார்கள். அதற்குப் பெயர் "பட்டறை". விடிந்ததும் பெரியத்தை படலில் முகத்தை ஒட்டி, கண்ணை மூடி, மூச்சை இழுத்தபடி அதைச் சுற்றி வருவார். ஓரிடத்தில் நின்று, "இந்தப் பக்கம் பிரிங்கடா" என்பார். பிரித்தால் நாலே நாலு வெங்காயம் கசிந்திருக்கும்.

எனக்கு ஒன்பது வயதானபோது அவர் கடும் காய்ச்சலில் ஒரு மாதம் படுத்துவிட்டார். எழுந்து வந்த முதல் காலையில், அவர் "ஆயி" என்று செல்லமாகக் கூப்பிடும் நானும் கூடப் போனேன். ஓரிடத்தில் எனக்கே இனிப்பாக அடித்தது; அவரோ நின்று முகர்ந்துவிட்டு நகர்ந்தார்.

"அத்தை, இங்க நாறுது."

திரும்பி வந்து குனிந்து முகர்ந்தார், மறுபடியும் முகர்ந்தார். பயந்துபோன பெரியத்தையை நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஆயி, வெளிய சொல்லிடாத. மூக்கு போயிடுச்சுன்னு தெரிஞ்சா இந்த வூட்ல என் பேச்ச யாரு கேப்பா?"

மறுநாளிலிருந்து நாறும் இடம் வந்தால் அவர் முந்தானையை இழுப்பது என் வேலை. அவர் நிதானமாகக் கண்ணை மூடி மூச்சிழுத்து, "இந்தப் பக்கம் பிரிங்கடா" என்பார். அவரும் நானும் மட்டும் அறிந்த அந்தக் காலைகள் இன்றும் எனக்குக் கனவு போலத்தான் இருக்கின்றன.

ஒரு முறை என்னை விட்டுவிட்டு அரியலூருக்குப் போனார் என்று எனக்குக் கோபம். மூன்று நாள் வேண்டுமென்றே முந்தானையை இழுக்கவில்லை. நாலாம் நாள் நாற்றம் தாங்காமல் சித்தப்பா பிரித்தபோது பாதிப் பட்டறை கூழாகிக் கிடந்தது. "என்னக்கா இது!" என்று அப்பா முதல்முறையாகக் குரல் உயர்த்தினார். பெரியத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தான்டா கவனிக்காம வுட்டுட்டேன்" என்றார். விதை போதாமல் அந்த வருஷம் பாதி வயலில் பருத்தி போட்டோம். ஆனால் பட்டறையைப் பிரித்த மறுநாள் விடியலிலேயே அவரே வந்து என்னை எழுப்பினார். "வா ஆயி, போவலாம்."

அதைப் பற்றி அவர் கடைசிவரை பேசவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

இப்போது வெங்காயத்தை வயலிலேயே லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். பட்டறை இருந்த இடத்தில் தம்பியின் கார் நிற்கிறது. போன தையில் பெரியத்தையை அந்தக் கொல்லை வழியாகத்தான் எடுத்துப் போனார்கள். "அக்கா மூக்கு மாதிரி வராது" என்று சித்தப்பா அழுதார். ஆமாம் என்று தலையாட்டினேன். பாடையைத் தூக்குவதற்கு முன், யாரும் பார்க்காதபோது, தொங்கிய அந்த முந்தானையை ஒரு முறை மெல்ல இழுத்துவிட்டேன்.