உயிரோடிருந்தவருக்கு எழுதிய கல்வெட்டு

எனக்கு வாய் சும்மா இருக்காது. இந்தப் பயத்தை நானேதான் தேடிக்கொண்டேன்.

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் எங்கள் தமிழ் வாசகர் வட்டம் மாதம் ஒருமுறை கூடும். சித்திரையில் பேச வேண்டியது என் முறை. எப்போதோ இறந்துபோன ஓர் அமெரிக்க நகைச்சுவைக் கவிஞரை எடுத்துக்கொண்டேன். காப்புறுதி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தபடி மூக்கொழுகும் தடிமன், பல்வலி, மாமியார் என்று வீட்டுச் சங்கதிகளையே பாடியவர். பெரிய கவிஞர்கள் அவரை மதிக்கவில்லை. சனங்கள் மட்டும் அவருடைய பாட்டுகளைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சமையலறையில் ஒட்டினார்கள். தன் கல்லறைப் பாட்டையும் மூன்று முறை வேடிக்கையாக எழுதி, காலைச் சாப்பாட்டின்போது மனைவிக்கு வாசித்துக் காட்டிவிட்டு வேலைக்குப் போனாராம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் யாழ்ப்பாண ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுப்போம். அதன் முதல் பாட்டு திதி வெண்பா. இறந்த மாதமும் திதியும் அதில் வரவேண்டும். அந்தக் கவிஞர் எங்கள் ஆளாக இருந்தால் எப்படி எழுதியிருப்பார் என்று சொல்லி, முன்வரிசையில் இருந்த என் கணவருக்கே ஒரு கல்வெட்டு வாசித்தேன். தேத்தண்ணீர் ஆறிவிட்டது என்று இருபத்தெட்டு வருடம் குறை சொன்னவர், நித்திரையில் செய்தி கேட்டவர் என்றெல்லாம் அடுக்கினேன். திதி இல்லாமல் கல்வெட்டா? நல்லவர்கள் ஏகாதசியில் போவார்கள் என்பார்களே, பாவம் என்று அவருக்கும் ஆவணி மாத வளர்பிறை ஏகாதசியைக் கொடுத்தேன். மண்டபமே சிரித்தது. அவர்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

ஆனியில் அவருடைய குடலில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து ஒப்பரேஷனுக்கு நாள் குறித்து டெர்மின் கடிதம் வந்தது. அதைக் குறித்துவைக்க, தமிழ்க் கடையில் தந்த கலண்டரைப் புரட்டினேன். ஆவணி. அந்த நாளின் கீழே சின்ன எழுத்தில் வளர்பிறை ஏகாதசி என்று இருந்தது.

நான் பாட்டில் கொடுத்த அதே திதி. மறுநாள் அவருக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து, வேறு நாள் தரமுடியுமா என்று கேட்டேன். ஏன் என்று கேட்டாள் மறுமுனையில் இருந்த பெண். ஜெர்மன் மொழியில் இதற்கு நான் என்ன சொல்வது? மாற்றினால் ஆறு வாரம் பிந்தும், அது நல்லதில்லை என்றாள்.

கடைசியில் அவரிடமே கலண்டரைக் காட்டினேன்.

"இஞ்சருங்கோ, நான் ஏன் அதை எழுதினன்?"

"உமக்கு விசரே? ஆர் இப்ப பஞ்சாங்கம் பாக்கினம்? நீர் எழுதின பாட்டுக்கு ஒரு கட்டி வருமெண்டால், ஊரிலை ஒருத்தரும் மிஞ்சேலாது."

அதற்குப் பிறகு தினமும் என்னைக் கேலி செய்தார். நான் சிரித்தேன். இரவில் அந்தக் கவிஞரின் மனைவியை நினைத்துக்கொண்டு கிடந்தேன். அந்தக் காலைகளில் அவளுக்குச் சாப்பாடு இறங்கியதா என்று வாழ்க்கை வரலாற்றில் ஒரு வரி கூட இல்லை. அவராவது தனக்குத்தான் எழுதினார். நான் இன்னொருவருக்கு எழுதிவிட்டேன்.

அந்த நாள் வந்தது. எட்டு மணிக்கு என்றார்கள். ஆனால் பக்கத்துக் கட்டில்காரரை முதலில் கொண்டுபோனார்கள். இவர் பத்து மணிக்குத்தான் போனார். "தேத்தண்ணி ஆறமுன்னம் வந்திடுவன்" என்று கண் சிமிட்டினார்.

தாதி அவருடைய பையை என்னிடம் தந்தாள். "உங்கள் கணவர் கேட்டபடியே இரண்டாவதாகப் போட்டோம். நேற்று முழுக்க எங்களை விடவில்லை" என்றாள்.

ஒன்றும் விளங்காமல் பைக்குள் இருந்த அவருடைய கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். உள்ளே நாலாக மடித்த காகிதத் துண்டு. அவருடைய கையெழுத்து.

"ஏகாதசி முடிவு, யாழ்ப்பாணத்தில் பிற்பகல் 1.00. மூன்றரை மணித்தியாலம் கழித்தால் இங்கே காலை 9.30. பத்துக்குப் போகலாம்."

மூன்று மணிக்கு அவர் கண் விழித்தார். கட்டியை முழுதாக எடுத்துவிட்டோம் என்றார் டாக்டர். நான் துண்டை இருந்தபடியே மடித்து வைத்தேன். அதைப் பற்றி இன்றுவரை கேட்கவில்லை. என்னைச் சிரிக்க வைத்த அத்தனை நாளும் அந்த மனுஷன் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.