இரவல் குப்பை

போன வாரம் என் மகன் பார்சலில் ஒரு டூத் பிரஷ் வரவழைத்தான். ஒரே ஒரு பிரஷ். அதைச் சுற்றி இரண்டு அட்டைப் பெட்டிகள், காற்றடைத்த பிளாஸ்டிக் வேறு. ஓசூரில் எங்கள் அடுக்குமாடிக்குக் குப்பை வண்டி வரும் நேரம். மருமகள் எல்லாவற்றையும் கறுப்புப் பையில் திணித்தாள். அடியில் முட்டைக்கோஸ் இலை அழுகிக் கிடந்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஒரே சந்தோஷம். சிரிக்காதீர்கள். எனக்கு வேலையை உறுதிசெய்து கொடுத்ததே அந்த நாற்றம்தான்.

1950களின் நடுவில், ஓசூரை அடுத்த கெலமங்கலம் பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக ஆசிரியை. சேலத்திலிருந்து வந்தவள், இருபது வயது. தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற பிள்ளைகளிடம் பாதிப் பாடத்தைக் கையை ஆட்டித்தான் நடத்துவேன். அந்த மாசி மாதம், பள்ளியில் கம்போஸ்ட் குழி வெட்டி வீட்டுக் குப்பையால் நிரப்ப வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. பத்து நாளில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பாராம். தலைமையாசிரியர் பொறுப்பை என் தலையில் கட்டினார். குழி நிறையாவிட்டால் என்னை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வது கஷ்டம் என்றும் சொல்லி வைத்தார். குப்பைக்கா பஞ்சம் என்று நானும் தைரியமாகத் தலையாட்டினேன்.

பஞ்சம்தான். ஆளுக்கொரு கூடை கொண்டுவரச் சொன்னால், மறுநாள் நாற்பது பிள்ளைகளும் கையை வீசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி மட்டும் அறுந்த செருப்பு வார் ஒன்று கொண்டுவந்தாள். மத்தியானத்துக்குள் அவள் அம்மா அதைத் திருப்பிக் கேட்டு வந்துவிட்டாள். வேலிப் படல் கட்ட வைத்திருந்ததாம். காய்த்தோல் ஆட்டுக்குப் போகும், சாம்பல் பாத்திரம் தேய்க்க. அதையும் மீறி மிஞ்சினால் அவரவர் எருக்குழி இருக்கிறது. எரு இல்லாமல் ராகி ஏது? எனக்கு யார் கொடுப்பார்கள்?

சந்தை நாள் சாயங்காலம் நானே கூடையோடு கிளம்பினேன். திடல் முழுக்கக் கீரைத்தண்டும் கோஸ் இலையும் வைக்கோலும். குனிந்து அள்ளினேன். ஒரு கை வந்து என் கூடையைப் பிடித்தது. திடலை ஒட்டி நிலம் வைத்திருந்த முனிரத்தினம்மா. முப்பது வயதிருக்கும். பின்னால் அவளுடைய மாட்டு வண்டி நின்றது.

“அது எங்க குப்பை, டீச்சரம்மா.”

வருஷக்கணக்காகத் திடலைக் கூட்டிவிட்டு, கழிவை அவள்தான் வண்டியில் ஏற்றிப் போகிறாளாம். படித்தவள் என்ற மிடுக்கெல்லாம் இறங்கிவிட்டது. அப்பா இல்லாததையும், என் சம்பளத்தை நம்பி அம்மாவும் தங்கையும் சேலத்தில் இருப்பதையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே கேட்டுவிட்டு அவள் சொன்னாள்.

“இரவலா எடுத்துக்கினு போங்க. ஆபீசர் போனதும் திருப்பிக் குடுத்துடணும்.”

குப்பையை இரவல் வாங்கிய வாத்தியாரம்மா உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

மூன்று வண்டியில் குழி தளும்பியது. இன்ஸ்பெக்டர் பார்த்து மெச்சினார். மெச்சியதோடு விட்டாரா? சாணி கரைத்து ஊற்றி, மண் போட்டு மூடி, நாலு மாதம் யாரும் தொடக்கூடாது என்றார். பிள்ளைகள் உற்சாகமாக மண்ணைத் தள்ளத் தொடங்கினார்கள். வேலிக்கு அப்பால் முனிரத்தினம்மா வண்டியோடு காத்திருந்தாள்.

வாயை மூடிக்கொண்டால் என் வேலை நிலைக்கும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. “சார், இது அந்தம்மாவோட குப்பை” என்று சொல்லிவிட்டேன். தலைமையாசிரியர் முகம் கறுத்தது. இன்ஸ்பெக்டர் அவளைக் கூப்பிட்டு, நிஜமா என்று கேட்டார்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “குப்பை என்னோடதுதான் சாமி. குழி டீச்சரம்மாவோடது. மக்கி வெந்ததும் வந்து எடுத்துக்கறேன்.”

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். அப்படியே செய்யுங்கள் என்று எழுதியும் வைத்தார்.

ஆனியில் குழியைத் திறந்தோம். காப்பித்தூள் மாதிரி கறுப்பாக, பொலபொலவென்று எரு. நாற்றமே இல்லை. முனிரத்தினம்மா கையில் அள்ளி மோந்து பார்த்து, ஊரையே கூப்பிட்டுக் காட்டிவிட்டு, தன் நிலத்துக்கு ஏற்றிப் போனாள். அதே மாதம் என் நிரந்தர உத்தரவும் வந்தது. அப்புறம் குப்பைக் கூடைகள் கேட்காமலே வந்தன. இரண்டாவது குழியும் வெட்டினோம். கார்த்திகையில் அவள் ராகிக் கதிர்கள் தலை தூக்க முடியாமல் தொங்கின.

அந்த நிலம் இப்போது ஒரு கம்பெனிச் சுவருக்குள் இருக்கிறது. முனிரத்தினம்மா இல்லை, ஊரில் எருக்குழியும் இல்லை. அந்தக் கார்த்திகை அறுவடையில் அவள், என் பங்கு என்று ஒரு மூட்டை ராகியை என் தலையில் ஏற்றிவிட்டாள். கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, பள்ளிக்கூடம் வரை நடந்தேன். கழுத்து இற்றுப்போயிற்று. ஓரிடத்திலும் இறக்கி வைக்கவில்லை.