கரைக்காவலரின் கண்ணாடி

என் தம்பிக்குத் தெருவில் வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. விளிம்பு உடைந்து வீணான லென்ஸெல்லாம் அவன் சட்டைப்பையில் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். அதில் ஒன்றை செல்போன் முன்னால் ஒட்டி, மாடிப்படிச் சுவரில் போகும் எறும்பைப் படம் பிடித்து, எருமை அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டுவான். "சாப்பிடுற நேரத்துல எதுக்குடா இந்தக் கண்றாவி?" என்று நான் கத்துவேன். என் கணவர் மட்டும் ரசிப்பார். லாரி டிரைவர், எதைக் காட்டினாலும் வாயைப் பிளந்து பார்க்கிற ஆள்.

கூடப்பிறந்தவன் என்பதற்காகக் குறை சொல்லாமல் விடுகிறவள் இல்லை நான். அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தோம், நிலைக்கவில்லை. அந்தப் பெண் போகும்போது என்னிடம் சொன்னாள்: "உங்க தம்பி நல்லவருதான் அண்ணி. ஆனா பல்லி முட்டை எப்ப பொரியும்னு நாள் முழுக்க சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கிறவரோட எப்படிக் குடும்பம் நடத்துறது?" எனக்கும் தெரியவில்லை. ஒரு பெட்டி, ஒரு கேமரா ஸ்டாண்டு, இவ்வளவோடு எங்கள் மாடி அறைக்கு வந்து சேர்ந்தான்.

தெருவின் கடைசி வீடு எங்களுடையது. பின்கதவைத் திறந்தால் ஆற்றின் மண்கரை, எங்கள் கூரை உயரத்துக்கு நிற்கும். அந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கம் எங்கள் துணி காயும் கொடி. ஆறு நிரம்பி ஓடினால் தண்ணீர் எங்கள் தலைக்கு மேலே ஓடுகிறது என்று அர்த்தம். அதையே நினைத்துக்கொண்டிருந்தால் தூக்கம் வராது, அதனால் நினைக்க மாட்டோம்.

எங்களுக்குப் பதிலாக நினைப்பதற்கு ஒருவர் இருந்தார், கரைக்காவலர். ஓய்வுபெறும் வயது. நீளமான இரும்புக் கம்பியோடு தினமும் கரைச்சரிவைப் பார்த்துக்கொண்டே நடப்பார். எலி வளையோ நண்டு வளையோ, கண்ணில் பட்ட இடத்தில் கம்பியால் குத்துவார். கம்பி உள்ளே இறங்கினால் ஆட்களைக் கூப்பிட்டுக் களிமண்ணும் கல்லும் போட்டு இடித்து அடைத்துவிடுவார். "இதுக்குள்ள தண்ணி பூந்துச்சுன்னா கரையையே தூக்கிட்டுப் போயிடும்மா," என்பார்.

அந்தச் சரிவில்தான் தம்பி முள்ளம்பன்றியைக் கண்டுபிடித்தான். முதலில் துணிக்கொடி கட்டிய கம்பத்தருகே கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள் கிடைத்தது. புதரை விலக்கிப் பார்த்தால், ஒரு வாளி நுழைகிற அகலத்துக்கு வளை. ஏதாவது அசைந்தால் தானாகப் படம் பிடிக்கும் கேமரா ஒன்றை வாங்கி, எதிரே கட்டிவைத்தான். காலையில் அதைக் கழற்றி எடுத்துவருவான், டீ குடிக்கும்போது செல்போனில் எங்களுக்குப் படம் ஓடும். தாய் முன்னால், தகப்பன் பின்னால், நடுவில் இரண்டு குட்டிகள் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு.

அப்போது என் கணவருக்குக் கால் உடைந்திருந்தது. லாரியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து, தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. மாடி ஏற முடியாது, கீழே கரையைப் பார்த்த அறையில்தான் கட்டில். ஆள் வேறு கனத்த உடம்பு, அவரைத் தூக்க ஒரு கூட்டமே வர வேண்டும். படுத்தபடியே கிண்டலடிப்பார். "மச்சான், முள்ளம்பன்றிகூட குடும்பம் நடத்துதுய்யா. உனக்கு என்ன வந்துச்சு?" தம்பி சிரிப்பான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் படத்தில் வளைக்கு வெளியே இருந்த மண்மேடு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வளர்ந்துகொண்டே வந்தது. "இன்னும் உள்ள தோண்டுதுக்கா, என்னா வேலை பாரு!" என்றான் தம்பி, ஏதோ தானே தோண்டியது போல.

"கரைக்காவலர் இதைப் பாக்கலயாடா?"

"அவருக்குத்தான் கண்ணு தெரியலயே. கண்ணாடி நம்ம கடையிலதான் இருக்கு. லென்ஸ் இன்னும் வரல."

உண்மைதான், அந்த மனிதர் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தார். ஒருநாள் தண்ணீர் கேட்டு வந்தவர், கட்டிலில் நீட்டியிருந்த மாவுக்கட்டைப் பார்த்து, "நாயைக் கட்டில்ல படுக்க விடாதீங்கம்மா," என்றார். இவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கண்களை நம்பித்தானே கரைக்குக் கீழே படுத்திருக்கிறோம் என்று தோன்றியது.

மேலே எங்கோ மழை பிடித்து ஆறு ஏறத் தொடங்கியது. எங்கள் பக்கம் ஒரு தூறல்கூட இல்லை. அன்று காலைப் படத்தில் வளை வாயிலிருந்த மண் கருத்திருந்தது.

"டேய், மண்ணு ஏன்டா ஈரமா இருக்கு?"

"பனியா இருக்கும்க்கா," என்று சட்டென்று செல்போனை அணைத்துவிட்டான்.

கொடியில் கிடந்த துணியெல்லாம் காய்ந்துதான் இருந்தது. துணியை விட்டுவிட்டு மண்ணை மட்டும் நனைக்கிற பனியை நான் கண்டதில்லை. அவன் குளிக்கப் போனதும், கேமராவில் அந்தப் படத்தை மறுபடி பார்க்கலாம் என்று அவன் பையைத் திறந்தேன். கேமராவுக்கு அடியில், லென்ஸ் துடைக்கும் துணியில் சுற்றி ஒரு கண்ணாடி. பழுப்பு ஃப்ரேம், ஒரு பக்கம் செம்புக்கம்பி சுற்றியது. கரைக்காவலர் முகத்தில் பார்த்துப் பழகிய ஃப்ரேம். உள்ளே லென்ஸ் இரண்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தன.

ஈரத் தலையோடு வந்தவன் என் கையைப் பார்த்து நின்றுவிட்டான்.

"எப்ப வந்துச்சு லென்ஸ்?"

"குட்டிங்க இருக்குக்கா. கரைக்காவலர் பாத்தா அடைச்சிடுவாரு, உள்ளயே செத்துடும். கொஞ்சம் வளரட்டும்னு..." என்றான்.

"உன் மாமா கீழ படுத்திருக்காருடா. எந்திரிச்சு ஓடக்கூட முடியாது. ஞாபகம் இருக்கா உனக்கு?"

அவன் திருதிருவென்று விழித்தான். நிஜமாகவே மறந்திருந்தான். பயந்து மறைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன், மறந்திருந்தான் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றே கண்ணாடி போய்ச் சேர்ந்தது. தம்பி முள்செடி வெட்டிப் போட்டு மறைத்திருந்த வளையைக் கரைக்காவலர் மாலைக்குள் கண்டுபிடித்துவிட்டார். உள்ளே சேறு கசிந்துகொண்டிருந்தது. ஆட்கள் வந்து மணல் மூட்டையும் கல்லும் இறக்கி அடைத்தார்கள். முள்ளம்பன்றிகள் முன்பே போய்விட்டனவா, உள்ளேயே இருந்தனவா, தெரியாது. தம்பி மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஆறு கரையின் விளிம்பு வரை வந்து, நின்று, இறங்கியது.

"நேரத்துக்குக் கண்ணாடியைக் கொண்டாந்து குடுத்தான்மா உன் தம்பி. இல்லன்னா இந்தத் தெருவே இருந்திருக்காது," என்று கரைக்காவலர் என்னிடம் சொன்னார், போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். தெருவே அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், அடக்கம் என்று நினைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கூடப்பிறந்தவன் ஆயிற்றே. என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

கொஞ்ச காலம் கேமரா பரணில் கிடந்தது. பிறகு மறுபடியும் கரைக்குப் போக ஆரம்பித்தான். "குருவிதான்க்கா," என்பான். குருவிதான் காட்டினான், தவளையும் காட்டினான். எல்லாம் பகலில் எடுத்தவை. ராத்திரிப் படம் ஒன்றுகூடக் காட்டவில்லை. எலும்பு சரியாகக் கூடவில்லை என்று இவருக்கு மறுபடி மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். மேற்கே மேகம் கூடி, ஆறு மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.

நேற்று சாயங்காலம் கரைக்காவலர் சுவரைத் தடவிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றார். முகத்தில் கண்ணாடி இல்லை.

"கண்ணாடி எங்கய்யா?"

"ஸ்க்ரூ கழண்டுடுச்சும்மா. தம்பிகிட்டதான் குடுத்திருக்கேன். அந்த அளவு ஸ்க்ரூ கடையில இல்லையாம், வரணுமாம். தங்கமான பையன்மா."

"வாங்கய்யா, இன்னிக்கு நானும் கூட வர்றேன்," என்று அவர் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனேன்.

பழைய வளையை அடைத்த கல்லுக்குக் கொஞ்சம் தள்ளி, இவர் படுத்திருக்கும் ஜன்னலுக்கு நேரே, ஒரு முள்கட்டு கிடந்தது. இலை இன்னும் வாடவில்லை. "என்னம்மா அது? எனக்கு ஒண்ணும் தெரியலயே," என்றார் அவர். முள்ளை இழுத்துப் போட்டேன், கையெல்லாம் கிழித்தது. அவர் கம்பியை வாங்கி நானே குத்தினேன். எங்காவது மண் தடுக்கும் என்று நினைத்தேன். தடுக்கவேயில்லை, என் கை கரையில் இடிக்கும் வரை உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது கம்பியில் தண்ணீர் சொட்டியது.

ஜன்னலுக்குள் இவர் சிரிப்பது கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து தம்பி ஏதோ படம் காட்டிக்கொண்டிருந்தான்.

"ஆளுங்களைக் கூப்பிடுங்கய்யா," என்றேன். "இவரைத் தூக்கவும் சேத்துக் கூப்பிடுங்க."

"எந்தப் படுபாவிம்மா இதை மூடி வச்சது?"

உள்ளே சிரிப்பு நின்றுவிட்டது. தம்பி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"என் தம்பிதான்யா," என்றேன்.